நெடும்பயணத்தில் வலக்கை

(தோட்ட இளைஞர் மன்றக் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் மன்றச் செயலாளர் சென்ற மாதம் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மன்றத்தைச் சேர்ந்த பன்னிரண்டு இளைஞர்கள் வருகின்ற டிசம்பரில் மோட்டார் சைக்கிளில் தாய்லாந்தின் வடபகுதிக்குச் செல்லவிருப்பதாகவும், செலவு போக எஞ்சும் பணத்தில் ஆளுக்கு ஒரு பொருள் மட்டுமே வாங்க முடியும் என்றும் அதில் எழுதியிருந்தார். திராட்டலைப் பூட்டி நிறுத்தும் கருவியை வாங்குவதா, சூடேறும் கைப்பிடியை வாங்குவதா என்பதே அவர் கேட்ட கேள்வி. அதற்கு விடை கூறவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

பயணம் சிறியதன்று. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையிலிருந்து சியாங் மாய் நகருக்கு 1,600 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. அதற்கப்பால் மே ஹோங் சோன் மலைச்சுற்றில் மட்டும் 1,864 வளைவுகள் உண்டென்று சொல்லப்படுகிறது. இத்துணை தொலைவும் வலக்கை ஒன்றே திராட்டலைத் திருகிப் பிடித்திருக்க வேண்டும். அதே கைதான் முன்சக்கரப் பிரேக்கையும் பிடிக்க வேண்டும். பயணம் முடிந்து திரும்பிய மறுநாள் பால்மரம் சீவவும், செம்பனைக் குலை வெட்டவும், ஆலையில் இயந்திரத்தை இயக்கவும் அதே கைதான் வேண்டும். ஆதலால் கைக்கு வாங்கும் பொருளைப் பற்றிப் பேசுமுன் கையைப் பற்றிச் சற்றுப் பேசுவோம்.

கை ஏன் மரத்துப் போகிறது?

தீபாவளிக்கு ஜோகூரிலிருந்து கெடாவிற்கு மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். 1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, நேரான சாலையில் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓட்டுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. முதல் 100 கிலோமீட்டருக்குள் வலக்கை மணிக்கட்டில் வலி தோன்றும். பின்னர் விரல்கள் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். அதன் பிறகு உணர்ச்சியே குறையும்.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, பிடியை இறுக்கிப் பிடிப்பது. முன்கைத் தசைகள் விடாமல் இறுகியிருந்தால் அவற்றில் இரத்த ஓட்டம் குறைந்து களைப்பு உண்டாகும். இரண்டாவது, மணிக்கட்டை வளைத்து வைப்பது. பெருவிரலுக்கும் அதனையடுத்த விரல்களுக்கும் செல்லும் நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியாகச் செல்கிறது. மணிக்கட்டு வெகுநேரம் வளைந்திருந்தால் அந்நரம்பு நெருக்குண்ணும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளிப்புறம் பிடியில் அழுந்துகிறது என்று அறியலாம். மூன்றாவது, இயந்திரத்தின் அதிர்வு. இம்மூன்றோடு குளிரும் சேர்ந்துவிட்டால் விரல்கள் மடங்கவும் மறுக்கும்.

காரணங்களை அறிந்தால், செலவில்லாத மருந்துகள் சில கண்ணுக்குத் தெரியும். திராட்டல் கம்பிவடம் எண்ணெயின்றி வறண்டிருந்தால் பிடி கனமாகத் திரும்பும். அதற்கு எண்ணெய் இடுங்கள். பிடியின் விளிம்பில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை தளர்வு இருப்பது பெரும்பாலான வண்டிகளுக்கு ஏற்றது. பிரேக் நெம்புகோல் உயரத் தூக்கியிருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். முன்கை, மணிக்கட்டு, விரல்கள் ஆகியவை ஒரே நேர்க்கோட்டில் அமையுமாறு அதனைச் சற்றுத் தாழ்த்துங்கள். சங்கிலியின் தொய்வையும் சக்கரத்தின் காற்றழுத்தத்தையும் சரிபாருங்கள். உடலின் பாரத்தைக் கைகளில் போடாமல் முழங்கால்களால் வண்டியை அணைத்து அமருங்கள். மணிக்கொரு முறை இறங்கி நின்று கைகளை உதறுங்கள். இவ்வளவும் செய்தபின் எஞ்சுகின்ற வலிக்குத்தான் கருவி தேட வேண்டும்.

திராட்டல் பூட்டு என்பது என்ன?

வலக்கைப் பிடியைத் திருகினால் இயந்திரத்திற்கு எரிபொருளும் காற்றும் மிகுதியாகச் செல்கின்றன. பிடியை விட்டால் சுருள்வில் ஒன்று அதனை இழுத்துத் தானே மூடிவிடுகிறது. ஓட்டுபவன் தடுமாறினாலும், மயங்கினாலும், கை வழுக்கினாலும் வண்டியின் வேகம் குறைய வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. திராட்டல் பூட்டு என்பது அந்தச் சுருள்வில்லின் வேலையைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கும் கருவியாகும். எனவே அது எத்துணை வசதியைத் தருகிறதோ அத்துணைப் பாதுகாப்பையும் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, உள்ளங்கைத் தாங்கி. பிடியின்மீது மாட்டப்படும் இந்தச் சிறு தகட்டை உள்ளங்கையால் அழுத்தினால் போதும். விரல்களை இறுக்க வேண்டுவதில்லை. இது பூட்டு அன்று. கையை எடுத்தால் திராட்டல் மூடிக்கொள்ளும். விலையும் குறைவு. ஆனால் நெரிசலில் மெதுவாக ஓட்டும்போதும் வண்டியைத் திருப்பும்போதும், பிரேக்கைப் பிடிக்க நீளும் கை தவறுதலாக அத்தகட்டை அழுத்தினால் வண்டி முன்னே பாயும். நகருக்குள் நுழையும்போது அதனைக் கழற்றிவிடுவது அல்லது கைபடாத பக்கம் திருப்பிவிடுவது நல்லது.

இரண்டாவது, கைப்பிடியின் முனையில் பொருத்தப்படும் உராய்வுப் பூட்டு. முனையிலுள்ள வளையத்தைத் திருகினால் அது பிடியின் ஓரத்தை அழுத்தி, சுருள்வில் இழுக்காதபடி நிறுத்துகிறது. காவோகோ என்னும் பெயரில் விற்பது இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றாவது, பிடியின் உட்புற ஓரத்தைக் கவ்விக்கொள்ளும் பூட்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் பிடிக்கும். மற்றொன்றை அழுத்தினால் விடும். அட்லஸ் என்பது இவ்வகை. இவ்விரு வகைகளிலும் நல்லவற்றிற்கு ஒரு பொதுக்குணம் உண்டு. பூட்டியிருக்கும்போதே கையால் சற்று வலுவாகத் திருப்பினால் திராட்டல் மூடும். பூட்டு கைக்குப் பணிய வேண்டும். கை பூட்டுக்குப் பணியக்கூடாது.

பெரிய வண்டிகள் சிலவற்றில் இருக்கும் மின்னணு வேகக்காப்பினை இதனோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். வேகக்காப்பு மேட்டில் எரிபொருளைக் கூட்டும், இறக்கத்தில் குறைக்கும், பிரேக்கைத் தொட்டவுடன் விலகிக்கொள்ளும். திராட்டல் பூட்டுக்கோ மேடும் தெரியாது, இறக்கமும் தெரியாது. பிரேக்கைப் பிடித்தாலும் அது விலகாது. நாம்தான் அதனை விலக்க வேண்டும். இந்த வேறுபாட்டை உணராதவர்கள் பூட்டை வாங்காதிருப்பதே நலம்.

நான் கற்ற பாடம்

அன்பர்களே, இதனை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. ஆசிரியர் பணியில் இருந்த காலத்தில் நண்பர்கள் மூவரோடு கேமரன் மலைக்குச் சென்றிருந்தேன். சூடேறும் பிடியும் பூட்டும் வாங்க என்னிடம் பணம் இல்லை. ஆகவே தடித்த ரப்பர் வளையம் ஒன்றை வாங்கி, பிடிக்கும் அதன் உட்புறச் சுவிட்ச் பெட்டிக்கும் இடையே செருகிக்கொண்டேன். நெடுஞ்சாலையில் அது நன்றாகவே உழைத்தது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் மாலை மழையில் இறங்கினோம். தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுக்குமேல் வளைவு. கையுறை நனைந்து விரல்கள் விறைத்துவிட்டன. இடப்பக்க வளைவு ஒன்றில் திராட்டலை மூடினேன். மூடிவிட்டேன் என்றே நினைத்தேன். நனைந்த ரப்பர் வளையம் உள்ளே நெருங்கிப் பிடித்துக்கொள்ள, திராட்டல் பாதியிலேயே நின்றுவிட்டது. விறைத்த கைக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. பிரேக்கைப் பிடித்தும் வண்டி என்னைத் தள்ளிக்கொண்டு எதிர்த்திசைச் சாலையைக் கடந்தது. கிளட்சைப் பிடித்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தியபோது முன்சக்கரம் ஓரத்து வடிகாலின் விளிம்பில் நின்றது. அந்நேரத்தில் காய்கறி லாரி ஒன்று ஏறி வந்திருந்தால் இன்று உங்களோடு பேசும் வாய்ப்பு எனக்கு இருந்திராது. பின்னால் வந்த நண்பர் ஒரு சொல்லும் பேசாமல் கத்தியை எடுத்து அவ்வளையத்தை அறுத்து எறிந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று முதல் நான் கைக்கொள்ளும் விதி ஒன்றே ஒன்று. திருகிய பிடி தானே திரும்ப வேண்டும். அதற்குத் தடையாக உள்ள எப்பொருளும், எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், என் வண்டியில் ஏறக்கூடாது.

எவ்வாறு சோதிப்பது?

பூட்டு வாங்குவோர் கடையிலிருந்து புறப்படுமுன் ஐந்து சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

1. பூட்டை விலக்கியபின் பிடியைத் திருகி விடுங்கள். அது 'டக்' என்ற ஒலியோடு முழுவதும் மூட வேண்டும்.

2. பூட்டைப் போட்டுவிட்டு வலக்கையால் மட்டும் திராட்டலை மூடிப்பாருங்கள். மூடவில்லையானால் அப்பூட்டு வேண்டாம்.

3. கைப்பிடியை இடக்கோடி வரையிலும் வலக்கோடி வரையிலும் திருப்பி, முதற்சோதனையை மீண்டும் செய்யுங்கள். பின்னர் இயந்திரத்தை இயக்கி, நியூட்ரலில் வைத்து, அவ்வாறே திருப்புங்கள். இயந்திரத்தின் ஒலி கூடக்கூடாது.

4. பிரேக் நெம்புகோலை முழுவதும் அழுத்துங்கள். பூட்டின் எந்தப் பகுதியும் அதனைத் தடுக்கக்கூடாது.

5. கையுறையை நீரில் நனைத்து அணிந்துகொண்டு, கண்ணால் பாராமலே பூட்டை விலக்கிப் பாருங்கள்.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டர் ஓடுகிறது. பொத்தான் எங்கே என்று இரண்டு வினாடி தேடினால் 50 மீட்டர் போய்விடும். ஐந்தாம் சோதனையை விளையாட்டாக எண்ணாதீர்கள்.

பூட்டைப் பயன்படுத்துவதற்கும் இடமுண்டு, பொழுதுண்டு. நேரான, உலர்ந்த, நெரிசலற்ற சாலையில், சில வினாடிகள் வலக்கையைத் தளர்த்தி விரல்களை மடக்கி நீட்டுவதற்கு அது போதும். அப்போதும் இடக்கை பிடியில் இருக்க வேண்டும். மழையில், வளைவில், இறக்கத்தில், நகரத்தில், கூட்டமாகச் செல்லும் வரிசையில் அதனைத் தொடவே கூடாது. பூட்டு என்பது கைக்கு ஓய்வு தருவதற்கேயன்றி, கைக்குப் பதிலாக ஓட்டுவதற்கன்று.

திராட்டல் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் பன்னிருவரும் முன்னதாகவே பயின்றுகொள்ளுங்கள். கிளட்ச் நெம்புகோல் உள்ள வண்டியில் அதனைப் பிடித்து, சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். கிளட்ச் நெம்புகோல் இல்லாத கப்சாய் வண்டியில் கியர் மிதியை அழுத்தியபடியே வைத்திருந்தால் இயந்திரத்தின் விசை சக்கரத்திற்குச் செல்லாது. பிறகு பிரேக்கைப் பிடித்து ஓரத்தில் நிறுத்தி, சாவியை அணைக்கலாம். தோட்டத்துத் திடலில் மெதுவாக ஓட்டி இதனைப் பத்து முறை பழகுங்கள்.

சூடேறும் கைப்பிடி

நம் நாட்டில் கைக்கு எதற்குச் சூடு என்று தாய்மார்கள் நகைப்பது தெரிகிறது. சமவெளியில் அது வேண்டாம்தான். ஆனால் 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். தாப்பாவில் 30 டிகிரி இருக்கும்போது 1,400 மீட்டருக்குமேல் உள்ள தானா ராத்தாவில் ஏறத்தாழ 20 டிகிரிதான் இருக்கும். மழையும் காற்றும் சேர்ந்தால் கை அதனினும் விரைவில் குளிரும். தாய்லாந்தின் உயர்ந்த மலையாகிய டோய் இந்தனோன் 2,565 மீட்டர் உயரமானது. அதன் உச்சிப் பகுதியில் குளிர்காலக் காலைகளில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. நீங்கள் செல்வது டிசம்பரில் என்பதை நினைவிற் கொள்க.

சூடேறும் பிடியின் உள்ளே மின்கம்பி ஓடுகிறது. மின்சாரம் பாயும்போது அது சூடாகிறது. பள்ளியில் படித்த கணக்குதான். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும் ஓரிணைப் பிடிகளுக்கு 48 வாட் தேவை. பழைய கப்சாய் வண்டிகளின் முன்விளக்கு ஏறத்தாழ 35 வாட் அளவினது. அதாவது விளக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுமையைப் புதிதாக ஏற்றுகிறோம். சிறிய வண்டியின் மின்னாக்கி அதற்காகச் செய்யப்பட்டதன்று. இயந்திரம் நின்றிருக்கையில் 5 ஆம்பியர்-மணி அளவுள்ள மின்கலத்திலிருந்து 4 ஆம்பியர் இழுத்தால், கணக்கின்படி ஒன்றேகால் மணி நேரத்தில் அது வெறுமையாகும். நடைமுறையில் அதற்கு வெகு முன்பாகவே வண்டி 'ஸ்டார்ட்' ஆக மறுக்கும்.

ஆகவே வாங்குமுன் பட்டறையில் மின்னளவியைக் கொண்டு சோதியுங்கள். இயந்திரம் பயண வேகத்தில் ஓட, முன்விளக்கும் பிடியின் சூடும் எரியும்போது, மின்கலத்தின் முனைகளில் 13 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் மின்கலம் கரைகிறது என்று பொருள். சாவியை அணைத்தால் பிடியின் மின்சாரமும் அணையும்படி இணைக்க வேண்டும். செய்நிறுவனம் குறித்த அளவுள்ள பியூஸைப் போடாமல் விடக்கூடாது.

இங்கும் நமது ஒரே விதி வந்து நிற்கிறது. வலப்பக்கப் பிடி சுழல்வது. அதிலிருந்து மின்கம்பி ஒன்று வெளியே வருகிறது. அக்கம்பிக்குப் போதிய தளர்வு இல்லையானால் அது திராட்டலை இழுத்துப் பிடிக்கும். தளர்வு மிகுந்தால் பிரேக் நெம்புகோலில் சிக்கும். பழைய பிடியின்மேல் சுற்றிக் கட்டும் மலிவான உறைகளோ வழுக்கிச் சுழலக்கூடியவை. அவை பிடியைத் தடிமனாக்குவதால் சிறிய கை உடையவர்களுக்கு வலியும் கூடும். எனவே முழுப்பிடியாக மாற்றுவதே நன்று. மாற்றியபின் முன்னர்ச் சொன்ன முதல், மூன்றாம், நான்காம் சோதனைகளை இதற்கும் செய்ய வேண்டும். குளிரில் மரத்துப்போன கையை உச்சச் சூட்டில் வைக்காதீர்கள். தோல் வெந்தாலும் தெரியாது.

மற்றொன்றும் உண்டு. பிடி உள்ளங்கையைத்தான் சூடாக்கும்; காற்று அடிப்பதோ புறங்கையில். எனவே காற்றைத் தடுக்கும் கைக்காப்புத் தகடும் நீர்புகாத கையுறையும் இல்லாமல் சூடேறும் பிடி பாதிப் பயனைத்தான் தரும். அவ்விரண்டும் இருந்தால், பல வேளைகளில் சூடேறும் பிடியே தேவைப்படாது. மார்பு குளிர்ந்தால் உடல் தன் உள்ளுறுப்புகளைக் காக்கக் கைகளுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. ஆதலால் மழையங்கிக்குள் ஒரு கம்பளிச் சட்டை அணிவது கைக்கும் மருந்தாகும். அவசரத்திற்கு, சட்டைக்குள் மார்பில் செய்தித்தாளை மடித்து வைப்பதும், கையுறைக்குள் மெல்லிய ரப்பர் கையுறை அணிவதும் கைகண்ட முறைகள்.

கேள்விக்கு விடை

பூட்டா, சூடேறும் பிடியா என்று கேட்டீர்கள். முதலில் இரண்டும் இல்லை என்பதே என் விடை. செலவில்லாத திருத்தங்களை முதலிற் செய்யுங்கள். ஒரு பொருளுக்குரிய பணத்தில் நீர்புகாத கையுறையையும் கைக்காப்பையும் வாங்குங்கள். அவற்றை அணிந்து ஒரு சனிக்கிழமை கேமரன் மலைக்குச் சென்று இரவுக்குள் திரும்பாமல், தங்கி மறுநாள் காலைக் குளிரில் இறங்கிப் பாருங்கள். அதன் பின்னும் விரல்கள் விறைத்தால், மின்சோதனையில் தேறிய வண்டிக்குச் சூடேறும் பிடி வாங்கலாம். மரத்துப்போன கை பிரேக்கைப் பிடிக்காது. ஆகவே சூடு என்பது இன்பத்திற்கு மட்டுமன்று, பாதுகாப்பிற்கும் உரியது. திராட்டல் பூட்டு கடைசியில் நிற்கட்டும். மணிக்கொரு முறை வண்டியை நிறுத்தி ஒரு கோப்பை தேநீர் அருந்துபவனுக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தாயார் என்னிடம், "ஐயா, போகாதே என்று சொன்னால் இவன் கேட்கமாட்டான், எப்படிப் போவதென்றாவது சொல்லிக்கொடுங்கள்" என்றார்கள். அம்மா, என்னால் இயன்றதைச் சொல்லிவிட்டேன். தம்பிமார்களே, நீங்கள் புறப்படும் நாளன்று விடியற்காலையில் வண்டியின் அருகில் நின்று, பிடியை ஒருமுறை திருகி விடுங்கள். 'டக்' என்று அது தானே திரும்பும் ஒலியை உங்கள் தாயாரும் கேட்கட்டும். பன்னிருவரின் வண்டியிலும் அவ்வொலி கேட்ட பிறகு புறப்படுங்கள். போன பன்னிருவரும் நலமாகத் திரும்பி வந்து, இதே மண்டபத்தில் அந்த மலைகளின் அழகை எங்களுக்குச் சொல்ல வேண்டும். அதைக் கேட்க நான் மறுபடியும் வருவேன்.